விற்றேன், கொடுத்தேன், தள்ளிவிட்டேன்: ஆங்கிலத்தில் எதற்கு எது?

பழைய பைக் ஒன்று கைமாறிய செய்தியைத் தமிழில் பல விதமாகச் சொல்லலாம். "வித்துட்டேன்" என்றால் வெறும் தகவல். "நாப்பதாயிரத்துக்குக் கொடுத்துட்டேன்" என்றால் பேரம் படிந்திருக்கிறது. "தள்ளிவிட்டுட்டேன்" என்றால் தொல்லை விட்டது. "அவன் தலையில கட்டிட்டேன்" என்றால் வண்டியில் ஏதோ கோளாறு. "எடைக்குப் போட்டுட்டேன்" என்றால் அது வண்டியாகவே விலைபோகவில்லை. ஆங்கிலத்திலும் இந்த வேறுபாடுகளுக்குத் தனித்தனி வினைகள் உண்டு. ஆனால் சிறு அகராதிகள் எல்லாவற்றுக்கும் நேராக 'விற்பனை செய்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். அதை நம்பி எழுதப்படும் மின்னஞ்சலில் நல்ல வியாபாரி கஞ்சா விற்பவராகிவிடுவார். அட்வான்ஸ் மட்டும் வாங்கிய நிலம் விற்று முடிந்ததாகிவிடும்.

சந்தேகம் வந்தால் 'செல்' போதும். இறந்தகாலம் 'சோல்ட்'; 'செல்டு' என்று ஒரு சொல் இல்லை. பெயர்ச்சொல் 'சேல்'. மற்ற வினைகள் விற்பவரைப் பற்றியோ சரக்கைப் பற்றியோ ஒரு அபிப்பிராயத்தையும் சேர்த்துச் சொல்லும். 'செல்' அதைச் செய்யாது. அதன் தொல்லை வேறு: பின்னால் வரும் குட்டிச் சொல் மாறினால் பொருளே மாறிவிடும்.

'செல்' எதிர் 'கிவ்'

நம் பேச்சில் விற்பதும் கொடுப்பதும் பிரியாதவை. "வெங்காயம் என்ன விலைக்குக் கொடுக்கிறீங்க?" என்றுதான் கேட்கிறோம். அதே பழக்கத்தில் "ஐ கேவ் மை பைக் டு மை ஃப்ரெண்ட்" என்று சொன்னால், கேட்பவர் இனாமாகக் கொடுத்ததாக எடுத்துக்கொள்வார். கடைசியில் தொகையைச் சேர்த்தால் ஓரளவு தப்பலாம், ஆனாலும் இடறும். இங்கே 'சோல்ட்' தவிர வேறு வழியில்லை. இத்தனைக்கும் பழைய ஆங்கிலத்தில் இந்த வினையின் மூதாதையான 'செல்லன்' என்பதற்கு 'கொடு, ஒப்படை' என்பதே பொருள். விலை என்ற எண்ணம் பிறகுதான் ஒட்டிக்கொண்டது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பு நம் வழக்கு அங்கே செல்லுபடியாகியிருக்கும்!

'ஃபார்', 'அட்', 'பை'

மொத்தத் தொகைக்கு 'ஃபார்': "ஐ சோல்ட் இட் ஃபார் ஃபார்ட்டி தவுசண்ட்." கிலோ, லிட்டர், பங்கு என்று விகிதத்தில் பேசும்போது 'அட்': "டொமேட்டோஸ் ஆர் செல்லிங் அட் தர்ட்டி ருபீஸ் எ கிலோ." லாபம், நஷ்டம் இரண்டுக்கும் பெரும்பாலும் 'அட்'தான்: "சோல்ட் அட் எ லாஸ்." 'ஃபார் எ லாஸ்' என்று எழுத வேண்டாம். அளவுக்கு 'பை': "சோல்ட் பை தி டஜன்", "சோல்ட் பை தி கிலோ". இவற்றில் 'தி' விடக்கூடாது. "சோல்ட் பை வெயிட்" என்பதில் மட்டும் 'தி' கிடையாது.

வாங்கியவரைச் சொல்ல இரண்டு வரிசைகள் உண்டு. "ஐ சோல்ட் ஹிம் தி பைக்" சரி. "ஐ சோல்ட் தி பைக் டு ஹிம்" சரி. 'அவனுக்கு வண்டியை' என்ற நம் வரிசையில் "சோல்ட் டு ஹிம் தி பைக்" என்று போட்டால் தடுமாறும். பொருளையும் 'இட்' என்று சுருக்கிவிட்டால் "சோல்ட் இட் டு ஹிம்" ஒன்றே வழி.

தானே விற்பதும் விற்கப்படுவதும்

"இந்த மாடல் நல்லா விக்குது", "நல்லா போகுது" என்று சரக்கையே எழுவாயாக்குகிறோம் அல்லவா? ஆங்கிலமும் அதே வழிதான்: "திஸ் மாடல் செல்ஸ் வெல்." அதை "இஸ் சோல்ட்" என்று மாற்றினால் வேறு பொருள். "திஸ் ஒன் இஸ் சோல்ட்" என்றால் ஆள் வந்தாயிற்று, இனிக் கேட்காதீர்கள். 'செல்ஸ்' தனியாக நின்றால் வாக்கியம் பெரும்பாலும் குறைபட்டதாக ஒலிக்கும். பின்னால் 'வெல்', 'ஃபாஸ்ட்' என்றோ விலையோ வர வேண்டும்.

இதே இடத்தில் 'ரீடெயில்ஸ் அட்' போட்டிக்கு வரும். அது கடைக்காரர் குறிக்கும் சில்லறை விலையைச் சொல்லும். தள்ளுபடி போக உண்மையில் என்ன விலைக்குப் போகிறது என்பதைச் சொல்ல 'செல்ஸ் அட்'. விலை ஒப்பீடு எழுதுபவர்கள் இந்த இரண்டையும் குழப்பினால் வாசகருக்குக் கணக்கே தப்பும்.

'மார்க்கெட்' என்ற வினையோ பெரும்பாலும் விற்பனையைச் சொல்வதில்லை. சந்தைக்குக் கொண்டுவருவதையும் விளம்பரப்படுத்துவதையும்தான் சொல்கிறது. மாத்திரை அட்டையில் 'மேனுஃபேக்சர்ட் பை' என்று ஒரு நிறுவனமும் 'மார்க்கெட்டட் பை' என்று இன்னொன்றும் இருக்கும். தயாரித்தவர் ஒருவர், தன் பெயரில் சந்தைக்கு அனுப்புபவர் மற்றவர். நம்மிடம் 'செல்' செய்தவர் இருவருமல்ல, மருந்துக்கடைக்காரர்.

ஒட்டுச் சொல் வந்தால்

'செல் அவுட்' சரக்கைப் பற்றி வந்தால் தீர்ந்துவிட்டது என்று பொருள். டிக்கெட் தீர்ந்தால் "தி டிக்கெட்ஸ் ஆர் சோல்ட் அவுட்". கடைக்காரர் பேசினால் "வீ ஹாவ் சோல்ட் அவுட் ஆஃப் மில்க்", அந்த 'ஆஃப்' அவசியம். மனிதரைப் பற்றி "ஹி சோல்ட் அவுட்" என்றால் 'ஆள் விலைபோய்விட்டார்' என்ற நம் ஏச்சேதான். பக்கத்துக் கடையில் பால் தீர்ந்ததைச் சொல்லப்போய் அவர் கொள்கையைச் சந்தேகிக்க வேண்டாம்.

'செல் ஆஃப்' என்பது கழித்துக்கட்டுவது: சொத்தைப் பிரித்து விற்பது, வேண்டாத பிரிவை விற்பது. பொதுத்துறை நிறுவனப் பங்குகளை விற்கும்போது அரசு ஆவணங்கள் 'டிஸ்இன்வெஸ்ட்மென்ட்' என்று எழுதும். எதிர்ப்பவர்கள் அதையே 'செல்-ஆஃப்' என்பார்கள். பங்குச்சந்தைச் செய்தியில் இதே பெயர்ச்சொல், பலரும் ஒரே நேரத்தில் விற்று விலை சரிவதைக் குறிக்கும்.

'செல் அப்' பிரிட்டிஷ் வழக்கு: வீடு, கடை எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊரை விட்டுக் கிளம்புவது. அதைத் திருப்பிப் போட்டால் கிடைக்கும் 'அப்செல்' முற்றிலும் வேறு. சின்ன பாப்கார்ன் கேட்டவரைப் பெரியது வாங்க வைப்பது அது. ஃப்ரிட்ஜ் வாங்கியவரிடம் ஸ்டெபிலைசரையும் விற்றால் 'க்ராஸ்-செல்'.

'செல் ஆன்' இரண்டு வழியில் போகும். வாங்கியதை மறுபடி விற்பது ஒன்று. ஒரு யோசனைக்கு ஒருவரை இணங்க வைப்பது மற்றொன்று: "ஐ அம் நாட் சோல்ட் ஆன் திஸ் ப்ளான்" என்றால் இந்தத் திட்டத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. கூட்டத்தில் யாராவது இப்படிச் சொன்னால் பேரம் பேசுகிறார் என்று நினைத்துவிடக் கூடாது.

'செல் ஷார்ட்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பங்குச்சந்தையில் கையில் இல்லாத பங்கை முதலில் விற்று, விலை இறங்கியபின் வாங்கிச் சரிக்கட்டுவது இது. நம்மவர்கள் 'ஷார்ட் போடுறது' என்பார்கள். சாதாரண முதலீட்டாளர் ரொக்கச் சந்தையில் இதை அன்றைக்குள்ளேயே முடித்தாக வேண்டும். பங்கு மேல் சர்க்யூட்டில், அதாவது அன்றைக்கு அனுமதித்த உச்ச விலையில், மாட்டிக்கொண்டால் விற்க ஆள் இருக்க மாட்டார்கள். திருப்பி வாங்க முடியாது. ஒப்படைக்காத பங்கை எக்ஸ்சேஞ்ச் ஏலத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தக் கூடுதல் விலையை விற்றவர் தலையில் வைக்கும். இதற்கும் "டோன்ட் செல் யுவர்செல்ஃப் ஷார்ட்" என்பதற்கும் தொடர்பில்லை. அது 'உன்னையே நீ குறைச்சு மதிப்பிடாதே' என்ற அறிவுரை, நேர்முகத்தேர்வுக்குப் போகிறவர்களிடம் சொல்வது.

தெருவில் விற்பவருக்கு எந்த வினை?

கூவி விற்பது, கூடையில் சுமந்து விற்பது, தள்ளுவண்டியில் விற்பது எல்லாம் நமக்குப் பழகியவை. ஆங்கிலத்தில் இதற்கு 'வெண்ட்', 'ஹாக்', 'பெடில்' மூன்றும் மோதுகின்றன. இந்தியாவின் 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் 'ஸ்ட்ரீட் வெண்டர்' என்பதை எடுத்துக்கொண்டு, ஹாக்கர், பெட்லர், ஸ்குவாட்டர் எல்லாரும் இதற்குள் அடக்கம் என்று வரையறையிலேயே சொல்லிவிட்டது. ஆகவே மாநகராட்சிக்கு மனு எழுதும்போது 'வெண்டர்' என்பதே பாதுகாப்பு. ஆனால் வினையாக "ஹி வெண்ட்ஸ் வெஜிடபிள்ஸ்" என்று பேச்சில் சொன்னால் சட்டப் புத்தகம் பேசுவது போலிருக்கும். வினைக்கு 'செல்ஸ்' என்றும் ஆளுக்கு 'வெண்டர்' என்றும் வைத்துக்கொள்ளலாம். அலுவலக ஆங்கிலத்தில் 'வெண்டர்' என்பவர் நிறுவனத்துக்குச் சரக்கோ சேவையோ வழங்குபவர். பத்திரத்தில் 'வெண்டர்' என்றால் சொத்தை எழுதிக் கொடுப்பவர்.

'ஹாக்' இடத்துக்கு இடம் நிறம் மாறும். சிங்கப்பூரில் 'ஹாக்கர்' மரியாதையான சொல். அங்குள்ள தமிழர்கள் உணவங்காடி நிலையம் என்று சொல்லும் 'ஹாக்கர் சென்டர்' கலாசாரம் 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இந்திய ரயில்வே சட்டம் 1989, பிரிவு 144-இலோ, உரிமமின்றி ரயிலில் 'ஹாக்' செய்வது குற்றம். பொது ஆங்கிலத்தில் "ஹாக்கிங் ஹிஸ் புக்" என்றால் போகிற இடமெல்லாம் நச்சரித்து விற்கிறார் என்ற இளக்காரம் உண்டு.

'பெடில்'தான் மூன்றிலும் ஆபத்தானது. ஒரு காலத்தில் அது ஊர் ஊராக நடந்து விற்பதைத்தான் குறித்தது. பிரிட்டனின் 1871-ஆம் ஆண்டு பெட்லர்ஸ் சட்டம், குதிரையோ பொதி சுமக்கும் வேறு விலங்கோ இல்லாமல் நடந்து போய் விற்பவரையே 'பெட்லர்' என்றது. 1888-இன் ஹாக்கர்ஸ் சட்டம் விலங்கோடு போகிறவரை 'ஹாக்கர்' என்று பிரித்தது. அந்தப் பிரிவினையெல்லாம் பேச்சில் இன்று இல்லை. இப்போது 'பெடில்' என்ற வினைக்குப் பின்னால் பெரும்பாலும் போதைப்பொருளோ வதந்தியோதான் வரும். ஒரு சுயதொழில் குழுவின் அறிமுகக் குறிப்பில் "வீ பெடில் ஹெர்பல் பவுடர்ஸ்" என்று வந்தால் படிப்பவர் புருவம் உயரும்.

தள்ளிவிட்டதற்கு 'ஆஃப்லோட்', தலையில் கட்டியதற்கு 'பாம் ஆஃப்'. இரண்டாவதில் ஏமாற்று உறுதி, வாங்கியவர் பெயருக்கு முன் 'ஆன்' வரும்: "ஹி பாம்ட் இட் ஆஃப் ஆன் மீ." எடைக்குப் போட்டதற்குத் தனி வினை தேவையில்லை, "சோல்ட் இட் ஃபார் ஸ்க்ராப்" போதும்.

'ஃபார் சேல்' எதிர் 'ஆன் சேல்'

மனைப்பிரிவுப் பலகைகளில் "ப்ளாட்ஸ் ஃபார் சேல்ஸ்" என்று ஒரு 'ஸ்' தொங்கிக்கொண்டிருக்கும். ப்ளாட் எத்தனை இருந்தாலும் 'ஃபார் சேல்'தான். 'ஆன் சேல்' அமெரிக்காவில் தள்ளுபடி விலையைக் குறிக்கும். பிரிட்டனில் கடையில் கிடைக்கிறது என்று மட்டுமே பொருள். நம் ஆடித் தள்ளுபடி இருவருக்கும் புரிய "டிஸ்கவுண்ட் சேல்" என்று எழுதிவிடுவது நல்லது.

கடையில் வைத்திருப்பதே விற்பதாகுமா? சட்டத்தில் 'செல்', 'ஆஃபர் ஃபார் சேல்', 'எக்ஸ்போஸ் ஃபார் சேல்' மூன்றும் வேறு வேறு. இங்கிலாந்தின் ஃபிஷர் எதிர் பெல் வழக்கில் (1961) ஒரு கடைக்காரர் தடைசெய்யப்பட்ட வகைக் கத்தியை விலைச்சீட்டோடு கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார். சட்டம் 'ஆஃபர் ஃபார் சேல்' என்றுதான் சொல்லியிருந்தது. அலமாரியில் வைப்பது வாங்க வரும்படி அழைப்பதுதான், விற்க முன்வருவது ஆகாது என்று நீதிமன்றம் அவரை விட்டது. அதே ஆண்டு 'எக்ஸ்போஸ்' என்பதையும் சட்டத்தில் சேர்த்து அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

'சோல்ட்' எதிர் 'அக்ரீட் டு செல்'

நிலத்தில் தப்பினால் செலவு அதிகம். அட்வான்ஸ் வாங்கி, கிரய ஒப்பந்தம் போட்டதுமே "நிலத்தை வித்தாச்சு" என்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் பங்காளிக்கு அதையே "ஐ ஹாவ் சோல்ட் தி லாண்ட்" என்று எழுதினால் உண்மைக்குப் புறம்பு. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 54-இன்படி, ஒப்பந்தம் தன்னளவில் அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலம், பதிவு செய்த கிரயப் பத்திரத்தின் மூலமே விற்கப்படும். ஆகவே ஒப்பந்த நிலையில் "அக்ரீட் டு செல்", பத்திரம் பதிவானபின் "சோல்ட்". சரக்குக்கும் இதே பிரிவினை 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 4-இல் இருக்கிறது: உடைமை இப்போதே மாறினால் 'சேல்', பின்னொரு நாளிலோ நிபந்தனை நிறைவேறியபிறகோ மாறுவதானால் 'அக்ரிமென்ட் டு செல்'.

பவர் எழுதிக் கொடுத்ததையும் விற்பனையாகப் பேசுவது நம் ஊர்களில் சகஜம். சூரஜ் லேம்ப் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம், பவர் பத்திரத்தால் நிலத்தின் உரிமை மாறாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட நிலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது 'சோல்ட்' என்ற சொல் எங்கும் வரக்கூடாது; "எக்ஸிக்யூட்டட் எ பவர் ஆஃப் அட்டர்னி" என்று மட்டும் எழுதி, பத்திர எண்ணையும் தேதியையும் பக்கத்திலேயே போட்டுவிட வேண்டும்.