தந்திச் செயன்முறைப் பெட்டி: வாங்கலாமா?

தரம் 10 இல் படிக்கும் அக்காவின் மகளுக்காக, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலுள்ள இலத்திரனியல் கடையொன்றில் சென்ற மாதம் இந்தப் பெட்டியை 6,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இரண்டு மோர்ஸ் சாவிகள் (செய்தியைத் தட்டி அனுப்பும் ஆளிகள்), தட்டுவதை மறுமுனையில் ஒலியாக்கும் இரண்டு ஒலிப்பான்கள், ஒரு ரிலே (தளர்ந்து வரும் மின்னோட்டத்தால் இயங்கி, இன்னொரு பேட்டரியின் சுற்றைத் திறந்து மூடும் மின்காந்த ஆளி), 100 மீற்றர் மெல்லிய செப்புக் கம்பி, ஒரு கைநூல் ஆகியவை உள்ளே இருக்கின்றன. பேட்டரி தனியாக வாங்க வேண்டும்.

சாவிகள் நல்ல பித்தளை. குமிழை அழுத்தும்போது வில்லின் எதிர்விசை விரலுக்குச் சீராகத் தெரிகிறது. ஓர் ஒலிப்பானின் நெம்பு ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் மறுபேச்சின்றி மாற்றித் தந்தார்.

பெட்டியின் உயிர் ரிலேதான். வெள்ளவத்தை வீட்டில் முழுக் கம்பியையும் இணைத்தபோது, கம்பியின் தடையால் மின்னோட்டம் தளர்ந்து, மறுமுனை ஒலிப்பான் முனகியதோடு நின்றது. நடுவில் ரிலேயையும் இன்னொரு பேட்டரியையும் வைத்ததும் 'டக், டக்' என்று தெளிவாகப் பேசியது. 1872 இல் அவுஸ்திரேலியாவின் நடுவே ஓடிய தந்திப் பாதையில் இந்த வேலையை மனிதர்களே செய்தார்கள்: ஏறத்தாழ 250 கிலோமீற்றருக்கு ஒன்றாக அமைந்த நிலையங்களில் வந்த செய்தியைக் கேட்டு எழுதி, அடுத்த நிலையத்துக்குத் தம் கையாலேயே மீண்டும் தட்டி அனுப்பினார்கள். இதைச் சொன்னதும் மருமகள், "நடுவில இருக்கிறவர் பிழையா எழுதினா என்ன செய்யிறது மாமா?" என்று கேட்டாள். ரிலேயைக் கழற்றிவிட்டு அவளையே நடுவில் உட்கார வைத்தேன். மூன்றாவது சொல்லிலேயே பிழை வந்தது.

கைநூலில் அந்தப் பாதையைப் பற்றிய பகுதி சிறப்பானது. தென் அவுஸ்திரேலியத் தபால்மா அதிபர் சார்ல்ஸ் டொட் 1870 இல் தொடங்கிய வேலை, வடக்கில் பெருமழையால் மாதக்கணக்கில் நின்றுபோனதும், போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை ஏறத்தாழ 3,200 கிலோமீற்றருக்கு 36,000 கம்பங்கள் நடப்பட்டு, 1872 ஓகஸ்ட் 22 அன்று இரு முனைகளும் இணைந்ததும், மரக் கம்பங்களைக் கறையான் அரித்ததால் பின்னர் இரும்புக் கம்பங்கள் வந்ததும் விறுவிறுப்பாகச் சொல்லப்பட்டுள்ளன. டார்வினில் கடலடிக் கம்பியோடு இந்தப் பாதை இணைந்ததால், கப்பலில் மாதங்கள் எடுத்த இலண்டன் செய்தி சில மணி நேரத்தில் வந்தது. தனித்தனிக் குடியேற்றங்கள் 1901 இல் ஒரே நாடானபோது, தபாலும் தந்தியும் மத்திய அரசின் பொறுப்புக்கு மாறின.

ஆனால் அந்த நிலத்தைக் கைநூல் ஆளில்லாத வெறும் நிலமாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நிலையங்கள் நீர்நிலைகளைத் தேடியே அமைக்கப்பட்டன. அந்த நீர்நிலைகளோ பழங்குடி மக்களுக்கு உரியவை. டொட்டின் மனைவி அலிஸின் பெயரால் வழங்கும் அலிஸ் ஸ்பிரிங்ஸ் இருப்பது அரெர்ண்டே மக்களின் மண்ணில். கம்பங்களில் மின் கசியாமல் கம்பியைத் தாங்கிய பீங்கான் காவலிகளை எடுத்துச் செதுக்கி, பழங்குடியினர் ஈட்டிமுனை செய்தார்கள். கையில் எடுத்துக் காட்டக்கூடிய இந்த ஒரு பொருளே பிள்ளைகளுக்கு எவ்வளவோ சொல்லியிருக்கும்.

நம் நாடு கைநூலில் இல்லாததும் குறையே. காலியில் இறங்கிய கப்பல் செய்திகளைப் புறாக்கள் கொழும்புக்குச் சுமந்து வந்த காலம், 1858 இல் காலி–கொழும்புத் தந்தி வந்ததோடு முடிந்தது. கொழும்பில் விற்கும் பெட்டியில் இதற்கு அரைப் பக்கமாவது ஒதுக்கியிருக்கலாம்.

இருந்தும் மருமகளின் பாடசாலை விஞ்ஞானக் கழகத்துக்கு இன்னொரு பெட்டி வாங்கியிருக்கிறேன். அதன் கைநூலில் அரெர்ண்டே மக்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி நானே ஒட்டியுள்ளேன்.