கணினி வேகமாகத் தொடங்கும் என்று நம்பிப் பணம் கட்டினேன், பதினோரு மாத உழைப்பை இழந்தேன்

உங்கள் கணினி தொடங்க நேரமெடுக்கிறது என்று தேடித்தான் இங்கே வந்தீர்கள் என்றால், மேற்கொண்டு படிக்க வேண்டாம். முதலில் உங்களுக்கு முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகலெடுத்து வையுங்கள். அதை முடித்துவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம். நான் அதைச் செய்யாமல் நேராக வேகப்படுத்தப் போனேன்.

என்னுடையது ஆறு வருடம் பழைய மடிக்கணினி. ஒன்றரை நிமிடத்தில் தொடங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்குள் அது நாலு நிமிடமானது, பிறகு ஆறு. விண்டோஸ் சின்னத்துக்குக் கீழே புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். சில நாள் காலையில் உள்ளேயிருந்து டிக், டிக் என்று சன்னமாக ஒரு சத்தம் வரும், நின்றுவிடும். விசிறியில் தூசி என்று நினைத்தேன். அந்தச் சத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணினியில் அப்பாவின் நாட்குறிப்புகளைத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். முப்பது வருடக் குறிப்புகள். மை மங்கிக்கொண்டே வருகிறது, சில பக்கங்களைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடியும். வேலை முடிந்து வந்து தினமும் ஒரு மணி நேரம் என்று பதினோரு மாதம் உட்கார்ந்து அடித்தேன். அண்ணனும் தங்கையும் புத்தகமாகப் பார்க்கக் காத்திருந்தார்கள். முடிந்ததும் மொத்தமாக அனுப்பலாம் என்றிருந்ததால் வேறெங்கும் பிரதி இல்லை.

தேடியபோது முதலில் வந்தது ஒரு விளம்பரம். இலவசமாக ஸ்கேன் செய்து, தொடக்க நேரத்தைப் பாதியாகக் குறைத்துத் தருவார்களாம். இறக்கி ஓடவிட்டேன். நாற்பது விநாடியில் முடிந்தது. 1,847 பிரச்சினைகள், அவற்றில் 312 'மிகக் கடுமையானவை' என்று திரை முழுக்கச் சிவப்பு. இப்போது யோசித்தால் தெரிகிறது: நூறு படங்கள் உள்ள கோப்புறையைத் திறக்கவே அரை நிமிடம் எடுத்த டிஸ்க் அது. நாற்பது விநாடியில் கணினி முழுவதையும் அது எப்படிச் சோதித்திருக்க முடியும்?

அந்த 1,847 என்னவென்று பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பெரும்பாலானவை பிரவுசர் குக்கிகள், தற்காலிகக் கோப்புகள். குக்கிகளுக்கும் கணினி தொடங்குவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மீதி, எப்போதோ நீக்கிய மென்பொருள்கள் ரிஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடத்தில், விட்டுப்போன குறிப்புகள். ரிஜிஸ்ட்ரியில் லட்சக்கணக்கான பதிவுகள் இருக்கும். அவற்றில் சில நூறு வீணாகக் கிடப்பதால் தொடங்கும் நேரத்தில் நாம் உணரும்படி எந்த மாற்றமும் வராது. ரிஜிஸ்ட்ரி கிளீனர்களைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை.

அன்றைக்கு இது எதுவும் எனக்குத் தெரியாது. ஸ்கேன் இலவசம், சரிசெய்யப் பணம். கட்டினேன். ஓடி முடிந்தது, மறுதொடக்கம் செய்தேன், அதே ஆறு நிமிடம். உடனே ஒரு பெட்டி வந்தது: 'ஆழமான பிழைகள் உள்ளன, எங்கள் நிபுணரை அழையுங்கள்', கீழே ஒரு தொலைபேசி எண். அழைத்தேன்.

பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "மேடம், பதற்றப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொன்னார், அதில் வந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்து விண்டோஸ் தனக்குள் நடப்பதைப் பதிவு செய்து வைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்து, வரிசையாகச் சிவப்புக் குறிகளும் மஞ்சள் முக்கோணங்களும் இருந்த பட்டியலைக் காட்டினார். "ஒவ்வொண்ணும் உங்க சிஸ்டத்துல இருக்கற பிரச்சினை மேடம்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பட்டியல் நன்றாக ஓடுகிற எல்லா விண்டோஸ் கணினியிலும் இருக்கும். பின்னணியில் ஓடும் ஏதாவது ஒரு சேவை தாமதமாகப் பதில் சொன்னால்கூட அங்கே ஒரு வரி பதிவாகிவிடும். உங்கள் கணினியில் இப்போதே திறந்து பாருங்கள், உங்களுக்கும் இருக்கும்.

ஒரு வருடத் திட்டம் என்று இன்னொரு முறை பணம் வாங்கினார். பிறகு ஒரு மணி நேரம் மவுஸ் தானாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விண்டோஸ் எப்படித் தொடங்க வேண்டும் என்பதை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக்கைத் திறந்து, பூட் பகுதியில் பிராசசர் எண்ணிக்கை, அதிகபட்ச நினைவகம் இரண்டையும் டிக் செய்து எண்களைப் போட்டார். "இப்பதான் முழு சக்தியோட தொடங்கும்" என்றார். உண்மை நேர்மாறு. டிக் இல்லாதபோதுதான் விண்டோஸ் எல்லாக் கோர்களையும் முழு நினைவகத்தையும் பயன்படுத்தும். அந்தப் பெட்டிகள் அவற்றைக் குறைத்து வைத்துச் சோதிப்பதற்காக இருப்பவை. என் 8 ஜிபியில் பாதி அன்றிலிருந்து வேலை செய்யவில்லை. டாஸ்க் மேனேஜரில் 'ஹார்ட்வேர் ரிசர்வ்ட்' என்று 4 ஜிபி காட்டியதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. ப்ரீஃபெட்ச் கோப்புறையைக் காலி செய்தார். அடிக்கடி திறக்கும் நிரல்களைச் சீக்கிரம் ஏற்றுவதற்காக விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்புகள் அவை. அழித்தால் அடுத்த சில முறை இன்னும் தாமதமாகும். ஆன்டிவைரஸை நிறுத்தினார். கோளாறு வந்தால் கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் சிஸ்டம் ரெஸ்டோர் புள்ளிகளை 'இடத்தை அடைக்கிறது' என்று நீக்கினார்.

அப்புறம் அவர் காட்டிய எண். வேலை ஆரம்பிக்கும் முன் ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்லி, அவர்கள் மென்பொருளில் வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டார்: 5 நிமிடம் 50 விநாடி. வேலை முடிந்ததும் இந்த முறை ஷட் டவுன் செய்து, பவர் பட்டனை அழுத்தச் சொன்னார். மென்பொருள் 1 நிமிடம் 58 விநாடி என்றது. நான் நன்றி சொன்னேன்.

இதை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்கில் ஹைபர்ஃபில் என்ற கோப்பில் எழுதி வைத்துவிடும். மறுபடி ஆன் செய்யும்போது முதலிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றாமல் அதைப் படித்து எழுந்துவிடும். ரீஸ்டார்ட் கொடுத்தால் அந்தக் குறுக்குவழி கிடையாது, முழுத் தொடக்கம்தான். அதாவது முன்பு அளந்தது ஒன்று, பின்பு அளந்தது வேறொன்று. அவர் எதையும் தொடாமல் இருந்திருந்தாலும் இரண்டாவது எண் குறைவாகத்தான் வந்திருக்கும். போதாததற்கு, டெஸ்க்டாப் கண்ணில் பட்டதும் அவர்கள் கடிகாரம் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை நிமிடம் கிளிக் செய்தாலும் அசையாமல் கிடந்தது என்பது கணக்கில் இல்லை.

கடைசியாக, டிஸ்கில் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டீஃபிராக்கை ஓடவிட்டு, "ராத்திரி முழுக்க ஓடட்டும் மேடம், நிறுத்தாதீங்க" என்று சொல்லி வைத்தார். இரவு டிக், டிக் சத்தம் நிற்கவே இல்லை. காலையில் திரை கறுப்பு. தொடங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி. அவர்களை அழைத்தேன். ஹார்ட்வேர் திட்டத்தில் வராது என்றார்கள்.

கணினி பழுது பார்க்கும் தோழி ஒருத்தி டிஸ்கைக் கழற்றி அவள் கணினியில் இணைத்து, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் காட்டினாள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும், அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். டிஸ்க் தகவலை எழுதி வைக்கும் சின்னக் கட்டங்கள்தான் செக்டர்கள். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் இரண்டுமே நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தன. ஒரு கெட்ட செக்டரை டிஸ்க் விட்டுவிட்டுப் போகாது, திரும்பத் திரும்பப் படிக்க முயலும். விண்டோஸ் தொடங்கும்போது படிக்கும் கோப்புகள் அந்த இடங்களில் இருந்தால் ஒன்றரை நிமிடம் ஆறு நிமிடமாகும். என் கணினியில் இருந்த உண்மையான பிரச்சினை அது ஒன்றுதான். அந்த 1,847இல் அது இல்லை. சாகக் கிடக்கும் டிஸ்கில் கோப்புகளை எடுத்து இடம் மாற்றி எழுதும் டீஃபிராக்கை ஓடவிட்டது, மூச்சுத் திணறுகிற ஒருவரை மாடிப்படி ஏறச் சொன்னது போல என்றாள். இரண்டு மாதம் முன்பே பிரதி எடுத்திருந்தால் ஒன்றும் போயிருக்காது என்றும் சொன்னாள். படங்களில் பாதி மீண்டது. அப்பாவின் கோப்பு திறக்கவில்லை.

அவள் இன்னொன்றும் செய்தாள். புதிதாக விண்டோஸ் நிறுவிய, வேறெதுவும் இல்லாத ஒரு கணினியில் அதே மென்பொருளை ஓடவிட்டாள். 611 பிரச்சினைகள் என்றது.

இது என் ஒருத்தியின் கதை மட்டும் இல்லை. 2019இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஆஃபிஸ் டிப்போ கடைகளையும், அவற்றுக்கு மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனத்தையும் சேர்த்து 3.5 கோடி டாலர் கட்ட வைத்தது. கடைக்கு வருகிறவர்களிடம் முதலில் கணினி மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி நின்றுபோகிறதா என்பது போல நாலு கேள்விகள். ஒன்றுக்கு ஆம் என்று டிக் செய்தாலும் ஸ்கேன் முடிவில் தீம்பொருள் அறிகுறி இருப்பதாகக் காட்டியது என்பதுதான் ஆணையத்தின் குற்றச்சாட்டு. ஸ்கேன் என்ன கண்டுபிடித்தது என்பதற்கும் அந்த முடிவுக்கும் தொடர்பே இல்லை. இப்படி மிரட்டிப் பணம் கேட்கும் கிளீனர், ஆப்டிமைசர் வகைகளைத் தேவையற்ற மென்பொருளாக நீக்கும் நடைமுறையை மைக்ரோசாஃப்டும் 2018 மார்ச்சில் கொண்டுவந்தது. என்னை ஏமாற்றியவர்களின் பெயரை எழுதவில்லை. அதே சிவப்புத் திரை வேறு வேறு பெயர்களில் வந்துகொண்டே இருக்கிறது, செய்யும் முறையைத் தெரிந்து வைத்துக்கொள்வதுதான் உதவும்.

சரி, கணினி உண்மையிலேயே மெதுவாகத் தொடங்கினால் என்ன செய்வது? டிஸ்கின் ஸ்மார்ட் நிலையைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு நிரலுக்கும் எதிரே பாதிப்பு அதிகம், நடுத்தரம், குறைவு என்று இருக்கும். தொடக்கத்தில் 1 விநாடிக்கு மேல் பிராசசர் நேரமோ, 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வேலையோ எடுத்தால் 'அதிகம்'. தெரிந்த, உடனே தேவைப்படாத நிரல்களை முடக்குங்கள், ஆன்டிவைரஸைத் தொடாதீர்கள். அந்தப் பக்கத்திலேயே 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்ற எண் பல கணினிகளில் இருக்கும். விண்டோஸ் கைக்கு வருவதற்கு முன்பு போன நேரம் அது. அது இருபது, முப்பது விநாடி என்றால் விண்டோஸுக்குள் எதைத் துடைத்தும் பயனில்லை. யுஎஸ்பியில் மாட்டியிருப்பவற்றைக் கழற்றிப் பாருங்கள், பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரல்) எதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற வரிசையைப் பாருங்கள். இன்னும் ஆழமாகப் பார்க்க தானாகத் தொடங்குபவற்றைப் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ் என்ற கருவியை மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிறது. ஆனால் பெயர் புரியாத எதையும் அதில் நீக்க வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் பழைய சுழலும் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதில் இருக்கிறது. நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் டிஸ்க், ஒரு சுற்றுக்கே 11 மில்லிவிநாடி எடுத்துக்கொள்ளும். தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடித் தேடிப் படிக்கிறது, ஒவ்வொன்றுக்கும் டிஸ்கைப் படிக்கும் முள் நகர வேண்டும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. தோழி எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்த அதே பழைய கணினி இன்று 19 விநாடியில் தயாராகிறது. நான் அவர்களுக்கு இரண்டு முறை கட்டிய பணத்தைவிட அதன் விலை குறைவு.

ஏற்கெனவே இப்படி யாரையாவது உள்ளே விட்டிருந்தால், இன்றே இணையத்தைத் துண்டித்துவிட்டு அந்தத் தொலை இயக்கச் செயலியை நீக்குங்கள். வேறொரு கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். எம்எஸ்கான்ஃபிக்கில் அந்த இரண்டு டிக்கையும் எடுத்து, ஆன்டிவைரஸை மறுபடி இயக்கி முழுச் சோதனை ஓடவிடுங்கள். வங்கியிடம் பரிவர்த்தனையை எதிர்த்து எழுதிக் கொடுங்கள், கார்டையும் மாற்றிவிடுங்கள். எனக்கு இரண்டாவது தொகை திரும்பி வந்தது, முதலாவது வரவில்லை. ஒரு வருடம் கழித்து 'தானியங்கிப் புதுப்பிப்பு' என்று பழைய கார்டில் மறுபடி எடுக்க முயன்றிருக்கிறார்கள். கார்டு மாற்றியிருந்ததால் போகவில்லை.

நாட்குறிப்புகளை மறுபடி தட்டச்சு செய்கிறேன். முதல் தடவை படிக்க முடிந்த சில வரிகள் இப்போது தெரியவில்லை, அந்த இடங்களில் புள்ளி வைத்துக்கொண்டு போகிறேன். ஒவ்வொரு இரவும் முடித்ததும் ஒரு பிரதி அண்ணனுக்கும் ஒன்று தங்கைக்கும் போகிறது.