மார்ச் விடுமுறையில் சகுரா: ஜப்பானா, கொரியாவா?

கோலாலம்பூர் சாலையோரங்களில் டெக்கோமா மரங்கள் பூத்துக் கொட்டும்போதெல்லாம் எங்கள் வீட்டில் அசல் சகுராவை, அதாவது செர்ரிப் பூவைப் பற்றிய பேச்சு கிளம்பிவிடும். ஜப்பானா, கொரியாவா? இரண்டுக்கும் கேஎல்ஐஏ விமான நிலையத்திலிருந்து ஆறேழு மணி நேரப் பறப்புதான். நம் மலேசியக் கடப்பிதழுக்கு இரண்டிலும் 90 நாள் வரை விசா வேண்டாம். கொரியாவுக்கு மட்டும் கே-ஈடிஏ என்னும் மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டும். செலவில் கொரியா கொஞ்சம் கை கொடுக்கும். சைவச் சாப்பாட்டுக்கு இரண்டுமே சோதனைதான்: ஜப்பானில் சூப்பில் மீன், கொரியாவில் கிம்ச்சியில் இறால். எங்கே போனாலும் பெட்டியில் புளிக்காய்ச்சல் உண்டு.

நாங்கள் ஜப்பான் போனோம். காரணம் தேதி.

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பயணத் தேதியைக் குறிப்பது கல்வி அமைச்சு. எங்களுக்குக் கிடைத்தது மார்ச் கடைசி வாரம். பூ அந்தக் கணக்குக்குள் வராது. தோக்கியோவில் யசுகுனி ஆலயத்தில் இதற்கென்றே கண்காணிக்கப்படும் மரத்தில் ஐந்தாறு பூ விரிந்தால் சகுரா பூத்துவிட்டதாக அறிவிப்பார்கள். 2023-இல் அது மார்ச் 14. அடுத்த ஆண்டே மார்ச் 29. அறிவித்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் மரம் நிறையப் பூக்கும், அடுத்த வாரத்தில் உதிரத் தொடங்கிவிடும். ஊரெங்கும் அதிகம் இருப்பது சோமெய் யோஷினோ வகை. ஒட்டுக்கட்டியே பெருக்கப்பட்ட மரங்கள் என்பதால் ஓர் ஊரில் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகவே பூத்து ஒன்றாகவே கொட்டும். தவறவிட்டால் மொத்தமாகத் தவறவிட்டதுதான்.

ஆனால் ஜப்பான் நீண்டு கிடக்கும் நாடு. வழக்கமாகத் தெற்கே ஃபுகுவோகாவில் மார்ச் 22 வாக்கில் தொடங்குவது ஒசாகாவுக்கு 27 ஆகும், வடக்கே சப்போரோவுக்கு மே மாதமே வந்துவிடும். நாங்கள் ஒசாகாவில் இறங்கியபோது கியோத்தோவில் மொட்டு நுனியில் சிவப்பு மட்டுமே தெரிந்தது. மறுநாள் காலை ஷின்கான்சென் அதிவேக ரயில் ஏறி இரண்டரை மணி நேரத்தில் ஃபுகுவோகாவின் ஹக்காத்தா நிலையம். அங்கே மைசுரு பூங்காவின் பழைய கோட்டைச் சுவர்மேல் மரங்கள் வெள்ளையாய்க் கவிந்திருந்தன. அம்மா உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "ஏன்டி, இதுல வாசமே இல்லையே!" என்றார். மல்லிகைச் சரத்தோடு வளர்ந்தவருக்கு அது பெரிய ஏமாற்றம். படம் எடுக்க மட்டும் சலிக்கவில்லை.

சீக்கிரமே பூத்துவிட்டால் வடக்கே போகலாம், மலை ஏறலாம். நாரா பக்கத்து யோஷினோ மலையில் அடிவாரத்திலிருந்து உச்சிவரை படிப்படியாகப் பூக்கும். ரயில் கட்டணம்தான் சுடுகிறது. நாடு முழுக்க ரயிலில் சுற்ற உதவும் ஏழு நாள் ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு எகிறியது. ஒரே ஒரு நீண்ட பயணத்துக்கு அது கட்டாது, தனி டிக்கெட்டே போதும்.

கொரியாவில் மார்ச் கடைசிக்கு நம்பக்கூடியது தெற்கே பூசான், ஜின்ஹே பக்கம்தான். சியோலில் வழக்கமாக ஏப்ரல் 8 வாக்கில்தான் பூக்கும். பயணக் கண்காட்சிகளில் நான் விசாரித்த பேக்கேஜ்களோ சியோலையே சுற்றின. ஜின்ஹேயும் ஏமாற்றிவிடலாம்: 2024-இல் அங்கே பூ விழா மார்ச் 22-ஆம் தேதியே தொடங்கியும் மரங்கள் பூக்கவில்லை. அதற்கும் தெற்கே போக வேண்டுமானால் ஜேஜு தீவு, இன்னொரு விமானம். வயதானவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அந்த அலைச்சல் நமக்குச் சரிப்படாது.

கொரியாவை நான் இலையுதிர் காலத்தில்தான் பார்த்திருக்கிறேன், அதனால் வசந்தத்தில் கூட்டம் எப்படி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பள்ளிக் கவலை இல்லாமல் ஏப்ரல் முதல் பாதியில் கிளம்ப முடிந்தவர்களுக்குச் சியோல் நல்ல தேர்வுதான். பூ பார்க்கப் போகும் சொக்சோன் ஏரி, யொய்தோ இரண்டுக்கும் சுரங்க ரயிலிலேயே போய்விடலாம்.

ஜப்பான் என்று முடிவானால், எல்லா இரவுக்கும் ஒரே ஊரில் அறை போடாதீர்கள். கடைசி இரண்டு மூன்று இரவுகளுக்காவது, சில ரிங்கிட் கூடினாலும், இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள்.