அபராதமா, ஆசையா, 'மழை பெய்தால்' திட்டமா: என்னை நடக்க வைத்தது எது?

போன வருடத் தொடக்கத்தில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சீனி எல்லைக்கோட்டில் வந்து நின்றது. டொக்டர் மருந்து எழுதவில்லை. "ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ, மூண்டு மாதத்தால பாப்பம்" என்றார். வீடு கொழும்பு வெள்ளவத்தையில், ஐந்து நிமிடத்தில் கடலோர வீதியான மரைன் டிரைவ், கடல் காற்றுக்குக் காசும் இல்லை. இருந்தும் காலிவீதியைக் கடந்து அந்தப் பக்கம் ஒழுங்காகப் போக எனக்கு நான்கு மாதமும் மூன்று உளவியல் கொள்கைகளும் தேவைப்பட்டன.

முதலில் பிடித்தது அபராதம். உளவியலாளர் ஸ்கின்னரின் வழி என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு செயலுக்குப் பின் கிடைப்பதுதான் அந்தச் செயல் திரும்ப நடக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. மச்சானோடு ஒப்பந்தம் போட்டேன், நடக்காத நாளுக்கு 500 ரூபாய் அவனுக்கு. முதல் மூன்று கிழமை ஒரு நாளும் தவறவில்லை. நாலாம் கிழமை வேலை கூடிய ஒரு நாள், காசைக் கொடுத்துவிட்டுப் படுத்தேன், மனம் எவ்வளவு லேசாக இருந்தது என்கிறீர்கள்! குற்ற உணர்ச்சியை 500 ரூபாய்க்கு விற்றுவிட்டேன். அதன்பிறகு மழை இருட்டினாலே அவனிடமிருந்து செய்தி வரும்: "மச்சான், இண்டைக்கும் மழையோ? அப்ப எனக்குக் கொத்துரொட்டி."

இது என் ஒருவனுடைய பலவீனம் இல்லை என்று பிறகுதான் விளங்கியது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் பராமரிப்பு நிலையங்களில், பிள்ளையைக் கூட்டிப்போகப் பிந்தி வரும் பெற்றோருக்கு அபராதம் வைத்துப் பார்த்தார்கள். பிந்தி வருவது குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய அளவுக்கு இறங்கவில்லை. பொருளியலாளர்கள் க்னீஸி, ருஸ்டிகீனி இருவரும் 2000இல் இதை வெளியிட்டார்கள். அபராதம் ஒரு கட்டத்தில் விலையாகிவிடுகிறது. பணக்காரனுக்கு இந்த வழி இன்னும் மோசம் என்று நினைக்கிறேன், ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு வசதி இல்லை.

அடுத்தது உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரின் சுயநிர்ணயக் கொள்கை. டெசி 1971இலேயே காட்டியது இதுதான்: புதிர்க்கட்டைகளைப் பொருத்தி விளையாடியவர்களுக்குக் காசு கொடுத்துவிட்டுப் பிறகு நிறுத்தினால், ஓய்வு நேரத்தில் அதைத் தொடும் ஆர்வம் குறைகிறது. மனிதனுக்கு மூன்று தேவை என்கிறார்கள்: நானே விரும்பிச் செய்கிறேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, மற்றவர்களோடு ஒட்டு. மூன்றும் கிடைத்தால் தள்ளிவிட ஆள் தேவையில்லை. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. பாட்டுக் கேட்டு நடந்தேன், சனிக்கிழமைகளில் காலிமுகத்திடலுக்குப் போனேன், பக்கத்து மாடி மாமாவைத் துணைக்குச் சேர்த்தேன். மாமாவோடு கதைத்துக்கொண்டு நடந்த நாட்கள் நல்ல நாட்கள், அதை மறுக்கமாட்டேன். மாமா கனடாவுக்கு மகளிடம் போனார், என் நடையும் அவரோடு விமானம் ஏறிவிட்டது.

இந்தக் கொள்கைக்கு நியாயம் செய்ய ஒன்று சொல்லவேண்டும். செய்வது பிடித்திருக்கவேண்டும் என்று அது அடம்பிடிப்பதில்லை. வெளிநெருக்கடியில் தொடங்கி, குற்ற உணர்ச்சிக்காகச் செய்வது, பயன் தெரிந்து மனமொப்பிச் செய்வது என்று படிகள் வைத்திருக்கிறது. நான் இரண்டாம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு வந்ததே அதை வாசித்ததால்தான். ஆனால் 'ஏன்' என்பதற்கு அது தரும் பதில், பின்னேரம் ஆறு மணிக்குக் களைத்துப்போய் பஸ்ஸில் நிற்கும்போது 'சரி, இப்போது என்ன செய்வது' என்பதற்கு உதவவில்லை.

மாற்றத்தைப் படிப்படியாகப் பிரிக்கும் புரோச்சாஸ்கா மாதிரியையும் பார்த்தேன். புகைப்பவர்களை வைத்து உருவானது, நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று காட்டியது. அதோடு சரி.

இப்போது நான் நிற்கும் கட்சிக்கு வருகிறேன்: உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' திட்டம். இலக்கை மட்டும் வைக்காமல், எந்த இடத்தில், எந்த நேரத்தில், எது நடந்தவுடன் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிடுவது. பிரிட்டனில் மில்ன், ஓர்பெல், ஷீரன் மூவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று: ஒரு கிழமைக்குள் ஒரு தடவையாவது 20 நிமிடம் உடற்பயிற்சி செய்தவர்கள், எதுவும் சொல்லாமல் விட்ட குழுவில் 38 சதவீதம். இதயநோய் பற்றிய அறிவுரை வாசித்த குழுவில் 35. அதே அறிவுரையோடு எங்கே, எப்போது என்று திட்டமும் எழுதிய குழுவில் 91. அந்த 35ஐப் பாருங்கள், எனக்குக் கிடைத்த அறிவுரைகள் எல்லாம் அதற்குள் அடக்கம்.

என் முதல் முடிச்சு: வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கினால், வீட்டுப் பக்கம் திரும்பாமல் மஞ்சள் கோட்டால் (பாதசாரிக் கடவையால்) வீதியைக் கடப்பேன். இதற்காகச் சப்பாத்தைக் கந்தோரிலேயே மாற்றிக்கொண்டு வருவேன். இவ்வளவுதான். முதல் இரண்டு கிழமை சரியாக ஓடியது, ஆனால் அபராதமும் முதல் மூன்று கிழமை ஓடியது என்பதால் நான் துள்ளிக் குதிக்கவில்லை.

தீர்ப்புச் சொன்னது பழக்கம் அறுந்த நாள்தான். தொடங்குவதில் மூன்று வழியும் ஏறக்குறைய ஒன்றுதான், எல்லாரும் திங்கட்கிழமை நன்றாகத் தொடங்குவோம். கொழும்பின் பின்னேர இடிமழையில் எந்தப் பழக்கமும் அறும். அறுந்தபின் என்ன ஆகிறது? அபராத வழியில் கணக்கு ஏறியது, கணக்கு ஏற ஏற மச்சானின் தொலைபேசியை எடுக்கவே பிடிக்கவில்லை. ஆசை வழியில், ஆசை திரும்ப வரும்வரை காத்திருந்தேன், அது மழையோடு போனது வரவேயில்லை. நனைந்தபின் முக்காடு எதற்கு என்ற மனநிலைதான் பெரிய எதிரி. குடியிலிருந்து மீள்பவர்களை ஆராய்ந்த ஆலன் மார்லட் இதையேதான் பிடித்தார்: ஒரு சறுக்கலை விட, 'நான் இப்படித்தான்' என்று அந்தச் சறுக்கலுக்கு நாம் கொடுக்கும் அர்த்தம் ஆளைக் கவிழ்க்கிறது.

திட்ட வழியில் அறுவதற்கும் ஒரு முடிச்சுப் போடலாம். மழை பெய்தால், மாடிப்படியை நான்கு தரம் ஏறி இறங்குவேன். ஒரு நாள் தவறினால், அடுத்த நாள் பத்து நிமிடம் மட்டும் நடப்பேன், கூட்டி நடந்து கடன் தீர்க்கமாட்டேன். ஓகஸ்டில் ஒரு செத்தவீட்டுக்காக யாழ்ப்பாணம் போய்ப் பதினொரு நாள் நின்றேன், ஒரு அடி நடக்கவில்லை. திரும்பி வந்து கந்தோர் போன முதல் நாள் பஸ்ஸால் இறங்கியதும் கால் தானாக மஞ்சள் கோட்டுக்குப் போனது. தீர்மானம் எதுவும் எடுக்கவில்லை. அந்த இடம்தான் எனக்காக நினைவு வைத்திருந்தது.

லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துச் செய்த, 2010இல் வெளிவந்த ஆய்வும் இங்கே துணை நிற்கிறது: பழக்கம் படிய நடுமதிப்பு 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. ஒரு நாள் தவறுவது பெரிய சேதம் செய்யவில்லை. 21 நாளில் பழக்கம் படியும் என்று கணக்குச் சொல்லி வட்சப்பில் அனுப்பும் உறவினர்களுக்கு இதைத் திருப்பி அனுப்பலாம்.

குறையும் உண்டு. என் அனுபவம் ஒரு வருடத்துக்குச் சற்று மேல், நடையில் மட்டும். சிகரெட்டை விடவோ, சோற்றைக் குறைக்கவோ இது எப்படி உதவும் என்று என்னைக் கேட்காதீர்கள், சோற்றில் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். அடுத்தது, பஸ் இல்லாவிட்டால் முடிச்சு இல்லை. ஞாயிறும் போயா விடுமுறையும் எனக்கு இன்னும் வெறும் நாட்கள். போன கிழமை புதிதாக ஒன்று எழுதி ஒட்டினேன்: ஞாயிறு சந்தையில் மீன் வாங்கினால், அப்படியே கடற்கரைப் பக்கம் திரும்புவேன். மனைவி வாசித்துவிட்டுக் கேட்டா, "மீன் பையோட மரைன் டிரைவில நடக்கப் போறியளோ? ஊர்ப்பூனை எல்லாம் பின்னால வரும்."