குளோபோகான்: நோய்ப்பரவலியல் படிப்பவர்கள் அவசியம் பயன்படுத்திப் பாருங்கள்

மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்குள் எப்படி நுழைவது என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது குளோபோகான் என்ற உலகப் புற்றுநோய்த் தரவுத்தளத்தைத்தான். பிரான்சின் லியோனில் இருக்கும் ஐஏஆர்சி, அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இதில் 185 நாடுகளின் புற்றுநோய் மதிப்பீடுகளை இலவசமாகத் தருகிறது. 2022இல் மட்டும் சுமார் 23 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய், 6.7 லட்சம் இறப்புகள். படிக்கும்போதே நெஞ்சு கனக்கிறது. வயதுவாரியாகப் பிரித்து வரைபடம் எடுப்பது மிக எளிது. ஆனால் இவை மதிப்பீடுகள், புற்றுநோயாளிகளைப் பதிவு செய்யும் பதிவேடு பலவீனமான நாட்டின் எண்ணை அப்படியே கட்டுரையில் போடாதீர்கள். சென்னை உள்ளிட்ட பதிவேடுகளின் நேரடித் தரவு தனித் தொகுப்பாக வருகிறது, அதையும் பாருங்கள். அப்புறம், அதே நிறுவனம் இளம் ஆய்வாளர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சி நடத்துகிறது, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு உதவித்தொகையும் தருகிறது. கூட்டாய்வுக்கு ஆள் தேடுபவர்கள் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.