மச்சானின் புது இதயமும் மூணு ரத்தப் பரிசோதனையும்

மச்சானுக்கு மாற்று இதயம் வைத்தது சென்னையில், குடியிருப்பது சேலம் செவ்வாப்பேட்டையில். உடம்பு புது இதயத்தை ஏற்காமல் தாக்குகிறதா (அதுதான் ரிஜெக்‌ஷன்) என்று பார்க்கும் ஒவ்வொரு பயாப்ஸிக்கும் சுமார் 340 கிலோமீட்டர். கழுத்து ரத்தக்குழாய் வழியாகக் கம்பியை விட்டு, இதயத்தின் வலது கீழறையில் நாலைந்து துணுக்கு கிள்ளி எடுப்பார்கள். "இதை ரத்தத்துலயே பார்த்துட முடியாதா மாப்ள?" என்றார்.

ஓரளவு முடியும்.

முதலாவது, கைக்கெட்டிய ஜோடி: ட்ரோபோனினும் என்டி-ப்ரோபிஎன்பியும். சேலத்து லேபிலேயே எடுக்கலாம். இதயத் தசை அடிபட்டால் முன்னது கசியும், இதயச் சுவர் இழுபட்டால் பின்னது சுரக்கும். ஏன் ஏறியது என்று இரண்டும் சொல்லாது. ரிஜெக்‌ஷன் வராமல் தடுக்கத் தரும் டாக்ரோலிமஸ் மாத்திரை கிட்னியைப் பதம் பார்க்கும். கிட்னி சுணங்கினால், இதயம் நன்றாக இருந்தாலும் என்டி-ப்ரோபிஎன்பி ஏறிவிடும். ஒற்றை எண்ணைப் பார்த்து அலறாமல், ஒரே லேபில் எடுத்து, பழைய எண்களோடு ஒப்பிட வேண்டும். அக்கா காலண்டர் ஓரத்தில் குறித்து வைப்பது அதற்குத்தான்.

இரண்டாவது அலோமேப் என்ற பரிசோதனை. அது வெள்ளணுக்களில் 20 மரபணுக்களின் நடமாட்டத்தைப் பார்த்து 0 முதல் 40 வரை மதிப்பெண் போடும். 2010இல் 602 பேரிடம் நடந்த ஆய்வில், பயாப்ஸிக்கு இது சளைத்ததல்ல என்று தெரிந்தது. ஆனால் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் தாண்டியவர்கள். எதிர்ப்பொருளால் வரும் ரிஜெக்‌ஷனையும் இது சரியாகப் பிடிக்காது.

என் ஓட்டு மூன்றாவதுக்கு: ரத்தத்தில் மிதக்கும், தானம் தந்தவரின் டிஎன்ஏ. புது இதயத்தின் செல்கள் சாகும்போது வருவது அது. ரத்தத்தில் மிதக்கும் மொத்த டிஎன்ஏவில் அதன் பங்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். 2021இல் வந்த ஓர் ஆய்வு 0.25 சதவீதத்தை எல்லையாக வைத்தது. அதற்குக் கீழே என்றால் ரிஜெக்‌ஷன் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எதிர்ப்பொருள் வகையையும் பிடிக்கிறது. ஆபரேஷன் முடிந்த முதல் சில நாள் மட்டும் எப்படியும் எகிறித்தான் இருக்கும்.

இதில் ட்யூபைக் கவனிக்கணும். ரத்தம் உறையாமல் மட்டும் காக்கும் சாதா ஈடிடிஏ ட்யூபில் எடுத்து, பிளாஸ்மாவைப் பிரிக்காமல் சென்னை பஸ்ஸில் ஏற்றினால் மச்சானின் வெள்ளணுக்களே உடைந்து அவருடைய டிஎன்ஏவைக் கொட்டும். தானம் தந்தவரின் பங்கு நீர்த்துப்போய், ரிசல்ட் பொய்யாக நல்லதாகத் தெரியும். செல் உடையாமல் காக்கும் தனி ட்யூப் இருக்கிறது, அதில்தான் எடுக்க வேண்டும். பயாப்ஸி அன்றே எடுப்பதானால், கிள்ளுவதற்கு முன்னால்.

எண் கூடினால் பயாப்ஸிக்குப் போய்த்தான் ஆகணும். அதில் மச்சானுக்குச் சமாதானம் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. இத்தனையும் பேசிவிட்டு, போன வாரம் டாக்ரோலிமஸ் அளவு பார்க்கப் போனவர் காலை மாத்திரையை விழுங்கிவிட்டே போயிருக்கிறார். மாத்திரைக்கு முன் எடுக்க வேண்டிய ரத்தம் அது. மறுநாள் இன்னொரு குத்து.