பிரீமியம் டீசல்: சரக்கு நல்லது, விலை இடிக்கிறது

லிட்டருக்கு நாலு ரூபாய் கூடக் கொடுத்து பிரீமியம் டீசல் போட்டால் கட்டுப்படியாகுமா? லோடு வண்டி ஓட்டுகிற எங்களுக்குள் இந்தப் பேச்சு ஓயாமல் நடக்கும். "போட்டதும் வண்டி பறக்குது" என்பார் ஒருவர். "எல்லாம் ஒரே டேங்கர்ல வர்ற சரக்குப்பா" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சும் சரியில்லை. பல மாதம் மாற்றி மாற்றிப் போட்டு, நோட்டில் கணக்கு எழுதிப் பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

என் வண்டி மஹிந்திரா பொலிரோ பிக்கப். 2018 மாடல், பிஎஸ்-4 என்ற பழைய மாசு விதிப்படி வந்தது, 2523 சிசி காமன் ரயில் இன்ஜின். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி, கோபாலபுரம் வழியாகப் பாலக்காடு. போக 140 கிலோமீட்டர் சொச்சம், வர அதே அளவு. போகும்போது ஒன்றரை டன் முருங்கையோ தக்காளியோ பூசணியோ இருக்கும். திரும்பும்போது பெரும்பாலும் காலி கிரேட் பெட்டிதான். கேரளாவில் டீசல் நம்மைவிட விலை அதிகம். அதனால் எப்போதும் இந்தப் பக்கமே டேங்கை நிரப்பிக்கொண்டுதான் செக்போஸ்ட்டைத் தாண்டுவேன்.

முதலில் இந்த டீசலில் அப்படி என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தியன் ஆயிலில் எக்ஸ்ட்ராகிரீன், ஹெச்பியில் டர்போஜெட், ஷெல்லில் வி-பவர் என்று பெயர்கள் பல. அடியில் இருப்பது அதே பிஎஸ்-6 டீசல்தான். அதோடு மருந்து சேர்க்கிறார்கள். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரின் நாசிலில் படியும் கரியைக் கழுவுகிற டிடர்ஜென்ட்தான் அதில் முக்கியமானது. அதனுடன் துருப்பிடிக்காமல் தடுப்பது, நுரையை அடக்குவது என்று வேறு சிலவும் உண்டு. சில நிறுவனங்கள் சீட்டேனை ஏற்றும் மருந்தும் சேர்க்கின்றன. சீட்டேன் என்பது டீசல் எவ்வளவு சீக்கிரம் தானாகப் பற்றிக்கொள்கிறது என்பதற்கான அளவு. சாதா டீசலிலேயே இது 51-க்குக் குறையக்கூடாது என்பது நம் நாட்டு விதி. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்கக் கந்தகம் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் பத்துப் பாகம்) மேல் இருக்கக்கூடாது. அதற்கு முன் பிஎஸ்-4 காலத்தில் 50 வரை இருந்தது. அதாவது இன்றைக்குப் பெட்ரோல் பங்கில் கிடைக்கிற சாதா டீசலே பத்து வருடத்துக்கு முன் கிடைத்ததைவிடப் பல மடங்கு சுத்தம்.

ஒரு லிட்டர் டீசலை எரித்தால் வருகிற சூடு மருந்து கலந்தாலும் கலக்காவிட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான். சேர்ப்பது கொஞ்சூண்டு மருந்து. அதில் புதிதாகச் சக்தி எதுவும் வந்துவிடாது. பிறகு மைலேஜ் எங்கிருந்து கூடும்? காமன் ரயில் இன்ஜினில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில், முடியளவு சின்ன ஓட்டை வழியாக டீசல் பீய்ச்சுகிறது. அந்த ஓட்டையில் கரி படிந்தால் பனிபோல் தூவ வேண்டியது சொட்டாக விழும், சரியாக எரியாது. மருந்து அந்தக் கரியை எடுத்தால் இழந்த மைலேஜ் திரும்பி வரும். ஆகவே கரி இல்லாத வண்டிக்கு மைலேஜ் கூடுவதற்குப் பெரிய வழி இல்லை.

இனி என் கணக்கு. மைலேஜ் பார்க்கிறேன் என்று பலர் செய்வது டேஷ்போர்டு முள்ளைப் பார்ப்பது, அல்லது ஒரே ஒரு நடையை வைத்துத் தீர்ப்புச் சொல்வது. எங்கள் ரூட்டில் அது சுத்தமாகச் செல்லாது. காரணம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனி, ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து அடிக்கிற அடியில் உடுமலை தாண்டியதும் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்தப் பக்கம் அத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை. எதிர்காற்றில் தார்ப்பாய் கட்டிய லோடோடு போகும்போது மைலேஜ் லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் வரை குறையும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். ஓணத்துக்கு ஏற்றுகிற பெரிய லோடும் அந்தக் காற்று மாதங்களில்தான் வரும். அந்தச் சமயம் சாதா போட்டுவிட்டு, ஐப்பசியில் பிரீமியம் போட்டுப் பார்த்தால் "ஆகா, மைலேஜ் கூடிடுச்சு" என்றுதான் தோன்றும். கூட்டியது டீசல் இல்லை, காற்று நின்றது.

அதனால் காற்று அடங்கிய மாதங்களில்தான் இந்தச் சோதனையைச் செய்தேன். ஒரே பங்கு, ஒரே மெஷின், டீசல் போடும் நாசில் முதல் தடவை 'டக்' என்று நிற்கும்வரை மட்டும். போக வர இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கு. டயர் காற்றும் வேகமும் முடிந்தவரை மாறாமல் பார்த்துக்கொண்டேன். பிரீமியத்துக்கு மாறும்போது முதல் இரண்டு டேங்கைக் கணக்கில் சேர்க்கவில்லை. மருந்து வேலை செய்ய அவகாசம் வேண்டும் என்று விட்டுவிட்டேன். எந்த நிறுவனத்தின் டீசல் என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு வண்டியில் பார்த்ததை வைத்து ஒரு பெயரைக் கெடுப்பதும் சரியில்லை, தூக்கிவைப்பதும் சரியில்லை.

சாதாவில் சராசரி லிட்டருக்கு 13 கிலோமீட்டர். பிரீமியத்தில் 13.2 ஒட்டி. சாதா லிட்டர் 93 ரூபாய்க்கு விற்றபோது பிரீமியம் 97. கிலோமீட்டருக்குச் சாதாவில் 7 ரூபாய் 15 காசு, பிரீமியத்தில் 7 ரூபாய் 35 காசு. போய் வர 280 கிலோமீட்டருக்குச் சுமார் 56 ரூபாய் கையைவிட்டுப் போகிறது. கொடுத்த கூடுதல் காசு திரும்ப வர வேண்டுமானால் மைலேஜ் 4.3 சதவீதம் ஏறி, 13.55-ஐத் தொட வேண்டும். விளம்பரங்களில் நாலு, ஐந்து சதவீதம் என்றுதான் சொல்கிறார்கள். நன்றாகப் பராமரித்த வண்டியில் எனக்கு அது வரவில்லை. வந்ததும் ஒன்றரை சதவீதம்தான். பிரேக் அடிக்கிற விதம் மாறினாலே அந்த வித்தியாசம் வந்துவிடும்.

ஆனால் மைலேஜை மட்டும் பார்த்துவிட்டு இது ஏமாற்று என்று சொன்னால் அது அநியாயம். மூன்று விஷயம் எனக்கு நன்றாகவே தெரிந்தது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வருகிற அந்தக் கடகட சத்தம் குறைந்தது. சீட்டேன் கூடினால் டீசல் தாமதிக்காமல் பற்றும், தட்டல் குறையும், அதுதான் காரணமாக இருக்க வேண்டும். பழனி தாண்டி மேடு ஏற்றும்போது கண்ணாடியில் தெரிகிற கரும்புகை பாதியாகக் குறைந்தது. இது எனக்குப் பெரிய விஷயம். பின்னால் டிவிஎஸ் எக்ஸெல்லில் குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு வருகிறவர்கள் முகத்தில்தான் அந்தப் புகை அடிக்கிறது. மூன்றாவது, டேங்கில் நுரை சீக்கிரம் அடங்குகிறது, கையில் தெறிப்பதில்லை.

அப்படியானால் பிரச்சினை சரக்கில் இல்லை, விலையில்தான். அந்த நாலு ரூபாய் யாருக்குப் போகிறது என்று பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. மத்திய அரசு கலால் வரியில் டீசலை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. 2022 மே மாதம் வரியைக் குறைத்தபோது சாதா டீசலுக்கு லிட்டருக்கு 15 ரூபாய் 80 காசு, பிராண்டட் டீசலுக்கு, அதாவது பிரீமியத்துக்கு, 18 ரூபாய் 20 காசு. இடைவெளி 2 ரூபாய் 40 காசு. தமிழ்நாடு டீசலுக்கு வாட் வரியாக 11 சதவீதமும் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் வாங்குகிறது. அந்த 11 சதவீதம் இந்தக் கூடுதல் விலையின் மேலும் விழும், அது ஒரு நாற்பது காசு. ஆக நாலு ரூபாயில் இரண்டே முக்கால் ரூபாய்க்கு மேல் வரியாகவே போய்விடுகிறது. மருந்துக்கும், கம்பெனிக்கும், பங்குக்காரருக்கும் சேர்த்து மிஞ்சுவது ஒன்றே கால் ரூபாய்கூட இல்லை.

அந்த ஒன்றே கால் ரூபாய் மட்டும் கூடுதலாக இருந்தால், என் 13.2-க்கே கணக்கு நேராகிவிடும். கைநஷ்டம் இல்லாமல் புகையைக் குறைக்கலாம். நகை மாதிரி இதை ஆடம்பரச் சரக்காக நினைத்து வரி போட்டிருக்கிறார்கள். புகை குறைகிற டீசலுக்கு வரி கூட, புகை கூடுகிற டீசலுக்கு வரி குறைவு என்றால் லாரிக்காரன் எதைப் போடுவான்? நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் எத்தனை ஆயிரம் வண்டி நிற்கிறது! இரண்டுக்கும் ஒரே வரி என்று ஆக்கினாலே பாதிப்பேர் தானாக மாறிவிடுவார்கள். ஜியோ-பிபி 2023-இல் மருந்து கலந்த டீசலைக் கூடுதல் விலை இல்லாமலே விற்க ஆரம்பித்தார்கள். லாரிக்கு 4.3 சதவீதம் வரை மிச்சம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. அதை நான் சோதித்துப் பார்க்கவில்லை, எங்கள் ரூட்டில் அவர்கள் பங்கு எனக்குத் தோதாக இல்லை. ஆனால் காசு கூட வாங்காமல் கொடுக்க முடியும் என்பது அதில் தெரிகிறது.

பொள்ளாச்சியில் டீசல் பம்பு வேலை பார்க்கிற மெக்கானிக் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அழுக்கு இருந்தாத்தானுங் தம்பி கழுவ முடியும்? உன் வண்டில பில்டர நேரத்துக்கு மாத்தறே, அது எதைக் கழுவும்?" என்றார். அவர் அனுபவத்தில் இன்ஜெக்டர் சீக்கிரம் போவது பெரும்பாலும் தண்ணீராலும் தூசியாலும்தான். பில்டர் அடியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது திறந்துவிடாதவர்கள், விலை குறைவென்று கேனில் விற்கிற கலப்பட டீசலை வாங்கி ஊற்றுகிறவர்கள், இவர்கள்தான் அவர் பட்டறையில் வந்து நிற்கிறார்கள். ஒரு இன்ஜெக்டர் மாற்றவே பத்தாயிரத்துக்கு மேல் ஆகும். நாலு சிலிண்டருக்கு நாலு. கிழிந்த பில்டரை வைத்துக்கொண்டு பிரீமியம் டீசல் போடுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

அவரே போடச் சொல்லுகிற ஆட்களும் உண்டு. பழைய வண்டி வாங்கியவர்கள், முன்னால் ஓட்டியவர் எந்த டீசல் ஊற்றினார் என்றே தெரியாதவர்கள், தொடர்ந்து நாலைந்து டேங்க் பிரீமியம் போட்டுப் பார்க்கலாம் என்கிறார். என் மச்சான் வாங்கிய பழைய டிசையர் டீசலில் அப்படிப் போட்டோம். ஐடிலில் இருந்த நடுக்கம் குறைந்தது, மைலேஜும் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஏறியது. அதன்பிறகு சாதாவுக்கே மாறிவிட்டார். ஏறிய மைலேஜ் இறங்கவில்லை. என்னைக் கேட்டால் பிரீமியம் டீசலுக்குச் சரியான உபயோகம் இதுதான்.

பிஎஸ்-6 கார் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கிற வடிகட்டி) லைட் எரிகிறது, பிரீமியம் போட்டால் சரியாகுமா என்று கேட்கிறார்கள். டீசல் சுத்தமாக எரிந்தால் கரி சேர்வது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, கடைக்குப் போய் வருகிற அளவுக்கே ஓடுகிற வண்டியில் டிபிஎஃப் சூடாகாது, கரி எரியாது. அதற்கு வண்டியை அவ்வப்போது பைபாஸில் ஏற்றி, நிற்காமல் அரைமணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்ட வேண்டும்.

நான் இப்போது சாதா டீசல்தான் போடுகிறேன். கூட்டம் ஓயாத, லாரிகள் வரிசையில் நிற்கிற பங்காகப் பார்த்துப் போடுகிறேன். அங்கே சரக்கு நாள்கணக்கில் தொட்டியில் கிடக்காது. டேங்கர் இறக்கிக்கொண்டிருந்தால் அடியில் கிடக்கிற கசடு கலங்கும் என்பதால் அடுத்த பங்குக்குப் போய்விடுவேன். பில்டர் மாற்றுகிற சமயத்தில் மட்டும் இரண்டு டேங்க் பிரீமியம். அந்த நடைகளில் கண்ணாடியில் புகை தெரியாமல் மேடு ஏறும்போது, வரியை மட்டும் சமமாக்கினால் வருடம் முழுக்க இதையே போட்டு ஓட்டலாமே என்று தோன்றும்.